தட்டைத் தள்ளி வைத்த டிசம்பர்

அழுவதும் விழுங்குவதும் ஒரே தொண்டையில் ஒரே நேரத்தில் நடக்காது. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் முதல் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை மத்தியானம், பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு நானாகக் கண்டுபிடித்தேன். கண் நிறைகிறது, உதடு நடுங்குகிறது, இன்னும் ஒரு நொடியில் மானம் போய்விடும். கைக்கு எட்டிய முந்திரிக்கொத்தை அப்படியே வாயில் போட்டேன். மென்றேன், விழுங்கினேன். அழுகை போன இடம் தெரியவில்லை. அடேயப்பா, இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அன்றைக்குப் பிடித்த பழக்கம் ஆறு வருஷம் என்னோடு இருந்தது.

நாங்கள் தெற்கத்திக்காரர்கள், மார்த்தாண்டம் பக்கம். என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் மராமத்து இலாகாவில் கட்டடங்களுக்குப் படம் வரைகிற வேலை. தம்பானூர் ரயிலடிக்குப் பின்னால் ஒரு மேட்டில் வாடகைக்கு இருந்தோம். எங்களைப் போலவே உத்தியோகத்துக்காக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் முப்பது நாற்பது சேர்ந்ததுதான் எங்கள் சபை. ஆண்கள் ஆபீசில் மலையாளமும் இங்கிலீஷும் பேசுவார்கள். பிள்ளைகள் தெருவில் மலையாளத்தில் சண்டை போடுவார்கள். தமிழில் பாடுவதற்கும் ஜெபிப்பதற்கும் தின்பதற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் மாதர் சங்கத்துக்குக் கால் தரையில் பாவாது. கிறிஸ்துமஸுக்கு முந்திய மூன்று சனிக்கிழமையும் வீட்டுக் கூட்டம். ஒரு மத்தியானத்தில் மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, ஒரு ஜெபம், ஒரு தட்டு. இந்தத் தட்டு விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் தொடங்குவதற்கு முன்பே எல்லார் முன்னாலும் தட்டைக் கொண்டு வைத்துவிடுவார்கள், அந்த ஜெபத்திலேயே பலகாரத்தையும் ஆசீர்வதித்துவிடலாம் என்று. முந்திரிக்கொத்து என்றால் முந்திரி அல்ல. பாசிப்பயறு மாவையும் தேங்காயையும் கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசி மாவில் தோய்த்துப் பொரிப்பது. அது ஐந்தாறு, அச்சுமுறுக்கு, அதிரசம், வசதியுள்ள வீடாக இருந்தால் ஒரு துண்டு கேக். தட்டைத் தொடாமல் எழுந்தால் அந்த வீட்டோடு சண்டை என்று பொருள். அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

சங்கத் தலைவியம்மா ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டரின் மனைவி. நல்ல மனுஷி. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகக் கஞ்சியோடு வந்து நிற்பார். ஆனால் ஜெபிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நாடு, ராஜ்யம், ஆயர், அரிசி கிடைக்காத கஷ்டம் எல்லாம் முடிந்து கடைசியில் என்னிடம் வருவார். "ஆண்டவரே, இந்த மகளைக் கண்ணோக்கும். பிள்ளையில்லாத இவ நிந்தையை எடுத்துப் போடும்" என்று தொடங்கி, வேதாகமத்தில் வெகுநாள் காத்திருந்து பிள்ளை பெற்ற பெண்கள் அத்தனை பேரையும் வரிசையாகக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள் "ஆமென்" போடுவார்கள். ஒரு மத்தியானத்தில் மூன்று வீடு, மூன்று சனிக்கிழமை. ஒன்பது தடவை என் நிந்தையைச் சத்தமாக ஊருக்குச் சொல்லுவார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் என்ன பிள்ளையில்லாதவளா? இரண்டு பெற்றேன். ஆண் ஒன்று, பெண் ஒன்று. முதலாவது எட்டாம் மாதத்தில் உள்ளேயே போய்விட்டது. இரண்டாவது முழு மாதமும் இருந்தது. ஒன்பது ராத்தல் எடை, தலை நிறைய முடி, செத்துப் பிறந்தது. அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். பேசினால் எனக்குக் கஷ்டமாக இருக்குமாம். அதனால் இரண்டையும் இல்லாததாக ஆக்கிவிட்டு எனக்காக மூன்றாவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லார் கண்ணும் மூடியிருக்கும். என் கை மட்டும் தட்டுக்குப் போகும். இதில் எனக்கு ஒரு கைத்திறமையே வந்துவிட்டது. அச்சுமுறுக்கு ஆகாது, கடித்தால் நொறுங்கி ஜெபத்துக்கு நடுவே கேட்டுவிடும். அதிரசம் எண்ணெயைக் கையில் விட்டுவிடும். முந்திரிக்கொத்து ஒன்றுதான் சத்தமில்லாமல் உள்ளே போகும். கடைசி ஆமென்னுக்கு மற்றவர்கள் கண் திறக்கும்போது என் தட்டில் பாதி காலியாக இருக்கும். "பிள்ளே, நல்லாத் தின்னு, உடம்பு தேறட்டும்" என்று பக்கத்தில் இருப்பவள் தன் தட்டிலிருந்து இன்னும் இரண்டு எடுத்து வைப்பாள். யாராவது "விசேஷம் ஏதும் உண்டுமா?" என்று கேட்டால், நிறைந்த வாயோடு தலையை ஆட்டினால் போதும். "வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

வீட்டிலும் அதேதான். டிசம்பர் முழுக்க நாலு பிஸ்கட் டின் நிறையப் பலகாரம் அலமாரியில் இருக்கும். ஊரிலிருந்து கடுதாசி வந்தால் ஒரு டின் திறக்கும். தெருவில் யாராவது பிள்ளையைத் தாலாட்டினால் இன்னொன்று திறக்கும். புது வருஷத்துக்குள் நாலும் காலி. வந்தவர்கள் தின்றார்கள் என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை நான் முழுகாமல் இருந்தது செப்டம்பரில் தெரிந்தது. தாகம் அடங்கவில்லை. குளிப்பறைப் பக்கம் எறும்பு மொய்த்தது. பெண்கள் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார், மலையாளி. அவருடைய தமிழும் பாதி மலையாளமாகத்தான் இருக்கும். என்னையும் கணவரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"கேட்டோ, ஒளிச்சு வச்சுப் பேச எனக்கு அறியாது. உன் ரெண்டு பிள்ளையும் போனது விதி கொண்டு அல்ல, இந்த சர்க்கரை கொண்டாக்கும். இது மூணாமத்தது. ஜீவனோட வேணும்னா தினமும் ஊசி, தினமும் பரிசோதனை. இனிப்பு ஒண்ணும் கூடாது. மனசிலாச்சா?"

"ஆச்சு" என்றேன்.

"உங்க ஆட்களுக்கு டிசம்பர் வருது. எனக்கு டிசம்பரைப் பேடியாக்கும். அக்டோபர், நவம்பர் எல்லாம் நல்லா இருந்துட்டு, ஜனவரியில அழுதுக்கிட்டு வந்து நிப்பாங்க." பேடி என்றால் பயம்.

காலையில் கணவர் ஊசியைக் கொதிக்கவைத்து எனக்குப் போடுவார். மருந்துக் குப்பி சூடு படாமல் ஈர மணல் போட்ட சட்டியில் இருக்கும். அப்புறம் பரிசோதனை. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் மோசம். செங்கல் நிறம் வந்தால் பிள்ளைக்கு ஆபத்து. படம் வரைகிற கை அல்லவா, எட்டுச் சொட்டு என்றால் எட்டுதான். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவிலேயே ஓட்டிவிட்டோம். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பட்டது போதும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். புடவையைக் கொஞ்சம் தளரக் கட்டிக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை வந்தது. போகாமல் இருக்க முடியாது. அந்த வருஷம் நான்தான் சங்கக் காரியதரிசி. போகும்போதே தீர்மானம் பண்ணிக்கொண்டேன். கேக் வேண்டாம், லட்டு வேண்டாம், சீனி போட்ட எதுவும் வேண்டாம். முந்திரிக்கொத்து? அது கருப்பட்டி அல்லவா! எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கருப்பட்டி இனிப்பில் சேர்த்தியே இல்லை. பிரசவித்தவளுக்குக் கருப்பட்டி, இருமலுக்குக் கருப்பட்டி, சின்னப் பிள்ளைக்கு வயிறு நொந்தால் கருப்பட்டி. பனை தந்தது எப்படிக் கெடுதல் செய்யும்? டாக்டர் வெள்ளைச் சீனியைத்தான் சொல்லியிருப்பார், மலையாளிக்குப் பனையைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் என் கணவரும் சேர்ந்தே முடிவு கட்டியிருந்தோம். படித்தவர்கள்தான் இரண்டு பேரும்.

மூன்று வீட்டிலும் ஜெபம் நடந்தது. மூன்று வீட்டிலும் என் நிந்தை ஆண்டவர் சமூகத்துக்குப் போயிற்று.

மறுநாள் காலை சர்ச்சுக்குப் புறப்படுவதற்கு முன்னால் அவர் குழாயைக் காய்ச்சினார். நீலம் கலங்கிப் பச்சையானது. பச்சையோடு நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சளானது. அதற்குப் பிறகும் அவர் விளக்கை அணைக்கவில்லை. செங்கல் நிறத்தில் அடியில் வண்டல் கட்டிக்கொண்டு நின்றது. அவர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாத்துட்டே நிக்கியளே, ஏதாவது சொல்லுங்களேன்!" என்று கத்தினேன். தப்பு செய்தவள் நான், கோபமும் எனக்குத்தான்.

"எத்தனை தின்னே?"

"ரெண்டு மூணு."

அவர் குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒன்பது" என்றேன். "வீட்டுக்கு மூணு. கருப்பட்டிதானேன்னு தின்னேன்."

"பசிச்சுதா?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பசியா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தானே போனேன். இல்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எனக்காக ஜெபிக்கும்போது நான் கண்ணைத் திறந்துகொண்டு தின்பதை, அச்சுமுறுக்கு ஆகாது என்பதை, டின்கள் எப்படிக் காலியாகின்றன என்பதை. கேட்கும்போது நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. செங்கல் நிறக் குழாயை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் கீழே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அந்த மனுஷர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அங்கேயே முடிவு பண்ணினேன். இனிமேல் அழுகை வந்தால் அழுவது. வாயில் ஒன்றும் போடுவதில்லை. அவ்வளவுதான்.

"ஆள்கள் முன்னாலயா?" என்றார் அவர்.

"ஆள்கள் முன்னாலதான். வெக்கப்பட்டு வெக்கப்பட்டு ரெண்டாவதைத் தின்னாச்சு. இதையும் திங்கவா?"

பொல்லாத வார்த்தை. ஆனால் உண்மை அதுதான், அதை அப்படிச் சொன்னால்தான் எனக்கு உறைக்கும்.

திங்கட்கிழமை நாலு டின்னையும் அவர் ஆபீசுக்குக் கொண்டுபோனார். மராமத்து இலாகாவில் அந்த வாரம் திருவிழாதான். வீட்டில் கடிக்க ஒன்றும் இல்லை. புதன்கிழமை ஊரிலிருந்து கடுதாசி வந்தது. என் தங்கைக்கு மூன்றாவதும் ஆண்பிள்ளை, தாயும் சேயும் நலம். படித்து முடிப்பதற்குள் என் கால் தானாக அலமாரிக்கு நடந்துவிட்டது. கதவைத் திறந்தேன். டின் இருந்த இடம் காலி. அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தேன் ஐயா, அப்படி ஒரு அழுகை! ஆறு வருஷத்து அழுகை. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, தங்கையைத் திட்டி, டாக்டரைத் திட்டி, ஆண்டவரையும் விடாமல் திட்டி அழுதேன்.

பக்கத்து வீட்டு மலையாளி அம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எந்தா சேச்சி, எந்து பற்றி?" என்ன அக்கா, என்ன ஆச்சு என்று கேட்கிறாள்.

"ஒண்ணுமில்லே. அழறேன்" என்றேன்.

"ஆ, செரி" என்றாள். திரும்பிப் போய்த் துணி துவைக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த அன்பு கொஞ்சநஞ்சமல்ல.

அரைமணி நேரம் இருக்கும். அழுகை தானாக நின்றது. ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முடிவே கிடையாது, தொடங்கினால் என்னை அடித்துக்கொண்டு போய்விடும் என்றுதான் இத்தனை வருஷமும் அடைத்து வைத்திருந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு தங்கைக்கு வாழ்த்து எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. மறுநாள் குழாய் நீலம்.

இரண்டாவது சனிக்கிழமை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். தலைவியம்மா என்னிடம் வந்தபோது கண் நிறைந்தது. நிறையட்டும் என்று விட்டேன். அழுகிற அளவுக்கு வரவில்லை, கன்னத்தில் வழிந்ததோடு சரி. தட்டைத் தொடாமல் மெதுவாகப் பக்கத்தில் தள்ளி வைத்தேன். அந்த வீட்டுக்காரி முகம் கறுத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் வாசலில் வந்து நிற்கிறாள். "எங்க வீட்டுத் தட்டுல என்ன குத்தம் கண்டே? சொல்லு. உங்க வீட்டு எண்ணெய் மட்டும்தான் எண்ணெயா?"

"வயிறு சரியில்லே அக்கா."

"அப்படிச் சொல்லு!" என்று போனவள் ஒரு மணி நேரத்தில் ஓமத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவந்து, நான் குடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். என் பொய்க்கு அந்தக் கசப்பு தகும்.

மூன்றாவது சனிக்கிழமை கடைசிக் கூட்டம் தலைவியம்மா வீட்டிலேயே. பெரிய கூடம், பாய் விரித்து இருபது பேர் இருந்தோம். கடைசிக் கூட்டம் என்பதால் ஜெபத்துக்கும் கூடுதல் நீளம். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நிந்தை வந்தது. பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆமென். என் முன்னால் முந்திரிக்கொத்து ஏழு. எண்ணிவிட்டேன், பாருங்கள் புத்தியை. வலது கை தானாக வெளியே வந்து தட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டது. உள்ளே பிள்ளை அசைந்ததா என்றால் அசையவில்லை, அதற்கு இன்னும் நாள் இருந்தது. அந்தக் குழாயின் செங்கல் நிறம்தான் கண் முன்னால் நின்றது. இப்போது வாயில் ஏதாவது போக வேண்டும், இல்லை வாயிலிருந்து ஏதாவது வர வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

"அம்மா, நிறுத்துங்க" என்றேன்.

ஜெபத்தின் நடுவில் எங்கள் சபையில் யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. இருபது ஜோடிக் கண்ணும் திறந்துகொண்டன.

"எனக்குப் பிள்ளை இல்லேன்னு இனிமே ஜெபம் பண்ணாதீங்க. எனக்கு ரெண்டு பிள்ளை உண்டு. ஆண் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. ரெண்டும் கல்லறைத் தோட்டத்துல இருக்கு. பொண்ணுக்குத் தலை நெறைய முடி. நீங்க யாரும் ஒரு நாளும் அதுகளைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல்லே. அதுகளையும் சேத்து ஜெபிங்க, இல்லேன்னா என்னை விட்டுருங்க."

குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. உடனே என்ன நடந்தது தெரியுமா? நாலு பக்கத்திலிருந்தும் நாலு கை நீண்டது. ஒருத்தி கையில் அதிரசம், ஒருத்தி கையில் கேக். தலைவியம்மா தன் தட்டையே தூக்கிக்கொண்டு முழங்காலால் நகர்ந்து வந்துவிட்டார். "அழாதே மக்களே, அழாதே. இன்னா, இதை ஒண்ணு வாயிலே போடு. கேளு, வாயைத் தொற."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பழக்கத்தை நானாகக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, எத்தனை முட்டாள்தனம்! அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் வளர்ந்திருந்தோம். அழுகிற வாயைக் கண்டால் அதில் எதையாவது வைத்து அடைக்க வேண்டும். அதற்குப் பெயர் அன்பு. அதில் கள்ளம் ஒன்றும் இல்லை, நிஜமான அன்புதான்.

"வேண்டாம்மா" என்றேன். "நான் அழுதுட்டுப் போறேன். கொஞ்ச நேரம்தான். தானா நிக்கும்."

தலைவியம்மாவுக்குத் தட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பாயில் வைத்தார். வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஓமத் தண்ணீர்க்காரியும் அழுதாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை. இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள், போகும்போது முகம் நன்றாக இல்லை. ஜெபத்தை மறித்தவள் என்று ஆயரிடம் புகாரும் போயிற்று. போகட்டும்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். கிறிஸ்துமஸ் அன்றைக்கே தவறினேன். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணம் பாயசம் அனுப்பியிருந்தாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, மனசு நிறைந்து சந்தோஷமாக இருந்தது. துக்கத்துக்குத்தானே காவல் போட்டிருந்தேன், சந்தோஷத்தை மறந்துவிட்டேன். பாதிக் கிண்ணம் போன பிறகுதான் நினைவு வந்தது. மறுநாள் குழாய் மஞ்சள். நானே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன், டாக்டர் ஊசி மருந்தைக் கூட்டினார், வசவும் கிடைத்தது. அதன் பிறகு புது வருஷம் வரைக்கும் வந்த தட்டுகளை எல்லாம் வாசலிலேயே வாங்கி, மூடி, என் கணவர் கையில் கொடுத்தேன். சந்தோஷம் வந்தால் சிரிப்பது, துக்கம் வந்தால் அழுவது, பசித்தால் மட்டும் தின்பது. எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன்.

ஜனவரியில் டாக்டர் வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்து வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்து, "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர் சொல்லும் ஒரே வார்த்தை அது. இன்னும் நாலு மாதம் அந்த வார்த்தைக்காகவே ஊசியும் குழாயுமாக நாளைக் கடத்தினேன். மே மாதத்தில், குறித்த நாளுக்கு முன்னாலேயே, வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண். உயிரோடு.

அடுத்த டிசம்பரும் வந்தது. மகளுக்கு ஏழு மாதம். முதல் சனிக்கிழமை, முதல் வீடு. அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு வரைக்கும் விழித்து விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவியம்மா ஜெபத்துக்குக் குரலை உயர்த்தினாரோ இல்லையோ, பிள்ளை பயந்துபோய் வீறிட்டு அழ ஆரம்பித்தது. அவள் தொண்டை என் தொண்டை. கூரை அதிர்ந்தது. ஜெபம் அப்படியே நின்றது.

பழையபடி நாலு பக்கமும் கை நீண்டது. ஒருத்தி விரலில் தேனைத் தொட்டுக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி கேக்கைக் கிள்ளி உருட்டிக்கொண்டிருந்தாள். "நாக்குல தடவு, அடங்கிரும். ஜெபத்துக்கு இடைஞ்சல் பாரு" என்றார் தலைவியம்மா.

நான் பிள்ளையின் முகத்தை என் தோளில் சாய்த்து, அவள் வாய்க்கும் அந்த விரல்களுக்கும் நடுவே என் கையை வைத்துக்கொண்டேன்.

"வேண்டாம்மா. இந்தச் சத்தத்துக்காகத்தானே இத்தனை வருஷம் ஜெபம் பண்ணினீங்க? கொஞ்சம் கேளுங்க."

என் மகள் அழுது முடிக்கும்வரை இருபது பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.